தமிழ் வகுப்புக்கான இலவச இணையக் கருவிகள்: எது கைகொடுக்கும், எங்கே உடையும்

பூங்கொத்து என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? மூன்றாம் வகுப்புக் குழந்தை விரல்விட்டு எண்ணி ஐந்து என்று சொல்லிவிடும்: பூ, ங், கொ, த், து. இதே சொல்லை இணையத்தில் கிடைக்கும் ஒரு சொல் விளையாட்டுக் கருவியில் போட்டால் பெரும்பாலும் பத்து என்று எண்ணும். கணினிகள் எழுத்தைச் சேமிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடு முறையில் ப தனி, அதன் சுழி தனி, ங தனி, அதன் புள்ளி தனி. கணினிக்கு இவை பத்துக் குறியீடுகள்.

தமிழாசிரியர் ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஆங்கில ஆசிரியர்களுக்காகத் தயாரான பட்டியல்களில் நூற்றுக்கணக்கான கருவிகள் இருக்கின்றன. அவற்றில் தமிழ் எழுத்தை வெறுமனே திரையில் காட்டும் கருவிகளால் நமக்குத் தொல்லை இல்லை. எழுத்தைப் பிரிப்பவை, எண்ணுபவை, ஒப்பிடுபவை ஆகியவற்றிடம்தான் எச்சரிக்கை தேவை. புதிய கருவி எதுவானாலும் பூங்கொத்து, ஔவையார் என்ற இரண்டு சொற்களைக் கொடுத்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் அதன் தரம் தெரிந்துவிடும்.

ஔவையாரைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. ஔ என்பது ஒரே எழுத்து. ஆனால் பலர் ஒ, ள என்று இரண்டு எழுத்துகளை அடுத்தடுத்துத் தட்டி ஒளவையார் என்று எழுதிவிடுகிறார்கள். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றொன்று கிடைக்காது, வாசிக்கும் குரலும் ஒ-ள-வையார் என்று உடைத்துப் படிக்கும். கௌதமன், கெளதமன் சிக்கலும் இதே வகைதான். வினாத்தாள் தயாரிக்கும்போது இந்தப் பிழை நுழைந்துவிட்டால் பிறகு கண்டுபிடிப்பது கடினம்.

தட்டச்சும் பழைய கோப்புகளும்

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ் விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. அமைப்புகளில் நேரம், மொழி என்ற பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, அதன் விருப்பங்களில் விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தால் போதும். கைப்பேசிக்குக் கூகுளின் ஜிபோர்டு, செல்லினம் ஆகியவை இலவசம். ஆசிரியர் எந்த முறையில் தட்டினாலும் பரவாயில்லை. மாணவர்களுக்கு மட்டும் தமிழ்99 முறையைச் சொல்லிக்கொடுங்கள். ஆங்கில எழுத்து வழியாகத் தமிழைத் தட்டிப் பழகும் பிள்ளைக்கு ல, ள, ழ மூன்றும் ஆங்கில எழுத்துகளின் வேடங்களாகத்தான் மனத்தில் பதியும்.

தமிழ்99 முறையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். அம்மா என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு தட்டல்கள் போதும். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். இன எழுத்துகளுக்கும் அப்படியே: த, ங, க, ம, புள்ளி என்று தட்டினால் தங்கம். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வரும் என்ற இலக்கணத்தை விரல்களே கற்றுக்கொள்கின்றன. இங்கே பிள்ளைகள் தடுமாறும் ஒரே இடம் மமதை போன்ற சொற்கள். ம, ம என்று தொடர்ந்து தட்டினால் ம்ம ஆகிவிடும். முதல் ம-வுக்குப் பின் அ விசையைத் தட்டிவிட்டு அடுத்த ம-வைத் தட்ட வேண்டும்.

பல பள்ளிகளில் பத்துப் பதினைந்து ஆண்டு வினாத்தாள்கள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. அவற்றை வீணாக்க வேண்டாம். சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியில் பழைய உரையை ஒட்டி, எழுத்துரு பெயரைத் தேர்ந்தெடுத்தால் யூனிகோடு உரை கிடைக்கும். முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் ஒட்டக் கூடாது. பாமினி என்பது ஆங்கில விசைகளின் மேல் தமிழ் உருவங்களைப் போர்த்திய எழுத்துரு. ஆகவே வினாத்தாளில் இடையிடையே இருக்கும் உண்மையான ஆங்கிலச் சொற்களும் தமிழ்க் குப்பையாக மாறிவிடும். நிறுத்தக்குறிகளும் தப்பாது: ஆங்கில உரையில் காற்புள்ளி இருக்கும் விசையில் பாமினியில் இ என்ற எழுத்து உட்கார்ந்திருக்கிறது. தமிழ்ப் பத்திகளை மட்டும் பகுதி பகுதியாக மாற்றி, ஆங்கிலத்தை அப்படியே விட்டுவிடுவதே வழி. மாற்றிய பிறகு ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வரும் சொற்களை ஒரு முறை வாசித்துப் பாருங்கள். பழைய எழுத்துருக்களில் கொம்பு முதலிலும் மெய் பிறகும் சேமிக்கப்பட்டிருக்கும், யூனிகோடில் மெய்தான் முதலில். வரி உடையும் இடங்களில் இந்த வரிசை குழம்புவது உண்டு.

வாசிக்கக் கொடுக்க

தொடக்க வகுப்புகளுக்குப் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 செப்டம்பரில் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் பெரும் கொடை. படக்கதைகள் ஏராளமாகத் தமிழில் இருக்கின்றன. பிடிஎஃப் ஆகப் பதிவிறக்கலாம், அச்சடிக்கலாம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால் மாற்றி எழுதவும் செய்யலாம். உரிமப் பக்கத்தை மட்டும் கிழித்துவிடாமல் சேர்த்தே அச்சடிக்க வேண்டும். எழுதியவர், வரைந்தவர் பெயரைச் சொல்வதுதான் உரிமம் கேட்கும் விலை.

கதைகளை நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலை 250 சொற்களுக்குள், இரண்டாவது 600 வரை, மூன்றாவது 1500 வரை, நான்காவது அதற்கும் மேல். இந்த எண்ணிக்கையை மட்டும் நம்பித் தமிழ்க் கதையைத் தேர்ந்தெடுத்தால் ஏமாறுவோம். ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் என்பதும் கணக்கில் ஒரே சொல்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு அது ஒரு மலை. கதையைத் திறந்து முதல் மூன்று பக்கங்களில் ஆறு எழுத்துக்கு மேற்பட்ட சொற்கள் எத்தனை என்று பாருங்கள். பக்கத்துக்கு இரண்டைத் தாண்டினால் அது இன்னும் ஒரு பருவம் கழித்துக் கொடுக்க வேண்டிய கதை. அல்லது, உரிமம் இடம் தருவதால், நீளச் சொற்களைப் பிரித்து நீங்களே எளிமையாக்கிக் கொள்ளலாம். மாற்றியமைத்தது என்ற குறிப்பை மட்டும் சேர்த்துவிடுங்கள்.

மேல் வகுப்புகளுக்கு மதுரைத் திட்டம் இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கி இன்றுவரை தன்னார்வலர் உழைப்பில் நடப்பது. சங்க இலக்கியம் முதல் பாரதி வரை தேடக்கூடிய உரையாகக் கிடைக்கும். நாட்டுடைமையாக்கப்பட்ட பல நூல்கள் தமிழ் விக்கிமூலத்தில் மூலப் பக்கப் படத்தோடு சேர்ந்தே இருக்கின்றன. சந்தேகம் வந்தால் படத்தைப் பார்த்துச் சரிபார்க்கலாம் என்பது அதன் தனிச் சிறப்பு. ஈழத்து இதழ்களும் நூல்களும் வேண்டுமானால் நூலகம் தளத்துக்குத்தான் போக வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களும் மின்நூலகமும் ஆசிரியர்கள் பலருக்குத் தெரிந்தவையே.

கைப்பேசி இல்லாத வகுப்பில் வினாடிவினா

மாணவர் ஒவ்வொருவரிடமும் கருவி இருந்தால்தான் இணைய வினாடிவினா நடத்தலாம் என்று நினைப்பவர்களுக்குப் பிளிக்கர்ஸ் நல்ல விடை. ஆசிரியரிடம் ஒரு கைப்பேசி, மாணவரிடம் கருப்புக் கட்ட வடிவம் அச்சிட்ட ஒரு காகித அட்டை, அவ்வளவுதான். தளத்தில் வகுப்பை உருவாக்கி, வருகைப்பதிவு எண்ணையே அட்டை எண்ணாகக் கொடுங்கள். வழக்கமான தொகுப்பில் 40 அட்டைகள் உண்டு, இலவசமாக அச்சடித்துக்கொள்ளலாம். அட்டையின் நான்கு பக்கங்களுக்கு நான்கு விடைகள். தான் நினைக்கும் விடை மேலே வருமாறு மாணவர் அட்டையைப் பிடிக்க, ஆசிரியர் கைப்பேசிக் கேமராவை வகுப்பின்மேல் மெதுவாக ஓட்டினால் எல்லா விடைகளும் பதிவாகிவிடும். விடை எழுத்து அட்டையில் மிகப் பொடியாக அச்சாகியிருப்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துக் காட்டுவதும் கடினம்.

இதில் தவறுவது மூன்று இடங்களில். பளபளப்பாக லேமினேட் செய்தால் ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கேமராவுக்கு வடிவம் தெரியாது, ஆகவே தடித்த வெள்ளைத் தாளே போதும். பிள்ளைகள் கருப்புக் கட்டங்களின்மேல் விரல் வைத்துப் பிடிப்பார்கள், ஓரத்தைப் பிடிக்கச் சொல்லி ஒரு வெள்ளோட்டம் விடுங்கள். அட்டையில் ஏ, பி, சி, டி என்றுதான் இருக்கும் என்பதால் கரும்பலகையிலும் அதே எழுத்துகளைப் போடுங்கள். அ, ஆ, இ, ஈ என்று எழுதினால் முதல் நாளே குழப்பம்.

கேள்வி அமைப்பில்தான் ஆசிரியரின் திறமை இருக்கிறது. மரத்தில் பழுத்துத் தொங்குவது எது என்று கேட்டுப் பழம், பளம், பலம், பழ்ம் என்று நான்கு விடைகள் கொடுத்தால், தவறு செய்தவர்களின் எண்ணிக்கையோடு என்ன தவறு என்பதும் தெரிகிறது. பளம் என்று காட்டியவர்களுக்கு ஒலிப்புப் பயிற்சி வேண்டும், பழ்ம் என்று காட்டியவர்களுக்குப் புள்ளி எங்கே வரும் என்பதே புரியவில்லை. இரண்டு குழுக்களுக்கும் மறுநாள் வேலை வேறு வேறு.

வீட்டுப்பாடத்துக்குக் கூகுள் ஃபார்ம்ஸ் வைப்பவர்கள் குறுவிடைக் கேள்விகளைத் தானாகத் திருத்த விடாதீர்கள். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் எந்தக் கருவியும் தமிழில் நியாயமாக நடக்காது. கற்பிக்கிறார் என்று விடை வைத்திருந்தால் கற்பிக்கின்றார் தவறாகிவிடும். இன்னும் நுட்பமான ஆபத்து, கொ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: மெய்யோடு ஒரே உயிர்க்குறியாக, அல்லது கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். சரியாக எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் போய்விடக்கூடும், ஏன் போனதென்று யாராலும் சொல்ல முடியாது. பல்விடைத் தேர்வுகளைக் கருவி திருத்தட்டும், எழுதும் விடைகளை நாம் திருத்துவோம்.

குரல்

மைக்ரோசாஃப்ட் எட்ஜ் உலாவியில் எந்தத் தமிழ்ப் பக்கத்தையும் திறந்து, சுட்டியின் வலப் பொத்தானைச் சொடுக்கி, உரக்க வாசி என்பதைத் தேர்ந்தெடுத்தால் வாசித்துக் காட்டும். இந்தியத் தமிழுக்குப் பல்லவி, வள்ளுவர், இலங்கைத் தமிழுக்குச் சரண்யா, குமார், சிங்கப்பூருக்கு வெண்பா, அன்பு, மலேசியாவுக்குக் கனி, சூர்யா என்று குரல்கள் உண்டு. வேகத்தையும் குறைக்கலாம். சொல்வதெழுதல் பயிற்சிக்கு இது வசதி. ஒவ்வொரு சொற்றொடரையும் தனி வரியாக்கி முற்றுப்புள்ளி வையுங்கள், அப்போதுதான் எழுத இடைவெளி கிடைக்கும். எண்களை எழுத்தால் எழுதிவிடுங்கள். பாவம் போன்ற சொற்களில் ப எப்படி ஒலிக்க வேண்டும் என்பது பொருளைப் பொறுத்தது. கருவி ஏதோ ஒன்றைத் தேர்ந்து படித்துவிடும், முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள்.

எதிர்த்திசையில், கூகுள் டாக்ஸின் குரல்வழித் தட்டச்சு தமிழை நன்றாகவே எழுதுகிறது. ஆசிரியருக்கு நேரம் மிச்சம். ஆனால் பிள்ளைகளின் உச்சரிப்பைச் சோதிக்க இதைப் பயன்படுத்தாதீர்கள். கேட்ட ஒலியை அப்படியே எழுதாமல், அந்த இடத்தில் வரக்கூடிய சொல்லை அது ஊகிக்கிறது. வாளைப்பளம் என்று சொன்னாலும் வாழைப்பழம் என்று திருத்தமாக எழுதிவிடும். பிள்ளையின் பிழை மறைந்துபோகும். அந்த வேலைக்கு ஆசிரியரின் காதுக்கு மாற்று கிடையாது.

யாப்புக்கு அவலோகிதம்

தமிழ் கற்பிப்பவருக்கென்றே, தமிழின் இலக்கணத்தை உள்ளே வைத்து உருவான கருவிகள் மிகச் சில. அவற்றில் வினோத் ராஜன் உருவாக்கிய அவலோகிதம் முதன்மையானது. செய்யுளை ஒட்டினால் அசை, சீர், தளை, தொடை பிரித்து, இன்ன பா என்று சொல்லும். மேல்நிலை வகுப்பில் அலகிடுதல் நடத்தும்போது இதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

விடை காட்டும் புத்தகமாக மட்டும் பயன்படுத்தினால் அதன் பயனில் பாதி போய்விடும். உடைத்துப் பார்க்கும் மேடையாக வையுங்கள். முதல் குறளை எடுத்துக்கொள்ளுங்கள்: அகர முதல எழுத்தெல்லாம் ஆதி, பகவன் முதற்றே உலகு. மாணவர்கள் முதலில் நோட்டில் அலகிடட்டும். புளிமா, புளிமா, புளிமாங்காய், தேமா, புளிமா, புளிமா, பிறப்பு என்று வர வேண்டும். பிறகு கருவியோடு ஒப்பிடலாம். அடுத்ததாக ஆதி என்ற சீரை எடுத்துவிட்டு முதலே என்று போடச் சொல்லுங்கள். பொருள் ஏறத்தாழ நிற்கும், ஓசை சாயும். எழுத்தெல்லாம் காய்ச்சீர், அதன்பின் நேர் வந்தவரை வெண்சீர் வெண்டளை. இப்போது நிரை வந்துவிட்டதால் கலித்தளை, வெண்பாவுக்கு இடமில்லை. மற்றச் சீர்கள் எதையும் தொடவில்லை, ஒரே ஒரு மாற்றம்தான். காய் முன் நேர் என்ற விதி அன்றைக்கு மனத்தில் ஏறிவிடும்.

அளபெடை ஏன் வருகிறது என்பதற்கும் இதே வழி. துப்பாய தூஉம் மழை என்பதில் உகரத்தை எடுத்துவிட்டுத் தூம் மழை என்று கொடுத்துப் பாருங்கள். தூஉம் என்பது இரண்டசைச் சீர், தூம் ஓரசைதான். வெண்பாவின் ஈற்றுச் சீருக்கு மட்டும் உரிய இடத்தை அது நடுவில் கேட்கிறது. ஓசை குறையும்போது அதை நிறைக்கவே அளபெடுக்கிறது என்ற நூற்பாவைச் சொல்வதைவிட, எழுத்தை எடுத்ததும் பாட்டு ஒடிவதைக் கண்ணால் பார்ப்பது மேல்.

கருவி தவறான விடை தருகிறது என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் கொடுத்த பாடத்தில்தான் கோளாறு. இணையத்தில் பல இடங்களில் பதம் பிரித்த பாடம் கிடைக்கிறது. புணர்ச்சியைப் பிரித்தால் அசையும் மாறும், தளையும் மாறும். சீர் பிரித்து அச்சிட்ட மூலத்தைப் பார்த்துத் தட்டுங்கள், அடி முடியும் இடத்தில் வரி முறியுங்கள். இடைப்பட்ட உரைக் குறிப்பு, பாடல் எண் எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள்.

உரைநடைக்கு நீச்சல்காரன் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழைத் திருத்தியும் நாவி சந்திப்பிழைத் திருத்தியும் இருக்கின்றன. ஒற்று மிகும் இடங்களை நடத்தும்போது, ஒற்றுகளையெல்லாம் நீக்கிய ஒரு பத்தியை அச்சடித்துக் கொடுத்து மாணவர்கள் குறித்த பிறகு நாவியின் பரிந்துரையோடு ஒப்பிடலாம். இரண்டும் வேறுபடும் இடங்கள்தான் அன்றைய பாடம். பொருளை வைத்து மட்டுமே முடிவெடுக்க வேண்டிய இடங்களில், வேலை கொடுத்தான், வேலைக் கொடுத்தான் போன்றவற்றில், கருவியால் ஊகிக்க முடியாது. ஒன்று பணி, மற்றது முருகனின் வேல்.

சொல் விளையாட்டுகள்

இங்கேதான் பூங்கொத்து உதிர்ந்து விழும். குறுக்கெழுத்து, சொல்தேடல், எழுத்து மாற்றி அடுக்குதல் ஆகியவற்றைத் தானாக உருவாக்கித் தரும் ஆங்கிலத் தளங்களில் பல, புள்ளியையும் கொம்பையும் தனிக் கட்டத்தில் வைத்துவிடும். அப்படி வந்த தாளை வகுப்பில் கொடுப்பது தீங்கு. எழுத்து என்றால் என்ன என்று நாம் சொல்லிக்கொடுத்ததையே அது கலைக்கிறது.

கூகுள் ஷீட்ஸில் கையாலேயே செய்யுங்கள், இருபது நிமிட வேலை. எட்டுக்கு எட்டுக் கட்டம் போதும். கொ, ணௌ போன்ற அகலமான எழுத்துகளுக்காக நிரலின் அகலத்தைக் கூட்டிக்கொண்டு, எழுத்தை நடுவில் நிறுத்துங்கள். முதலில் சொற்களை வையுங்கள், பிறகு வெற்றிடங்களை நிரப்புங்கள். நிரப்பும்போது எல்லோரும் செய்யும் தவறு, க, ப, ம என்று அகர வரிசையையே இறைப்பது. கொ, ங், து எல்லாம் விடைச் சொற்களில் மட்டும் இருந்தால் பிள்ளைகள் சொல்லைத் தேட மாட்டார்கள், கொம்பைத் தேடுவார்கள். விடைச் சொற்களில் வந்த எழுத்துகளையே கலைத்துப் போட்டு நிரப்பினால்தான் தேடல் தேடலாக இருக்கும்.

நினைவு அட்டைகளும் பழைய பக்கங்களும்

தமிழை இரண்டாம் மொழியாகக் கற்போருக்கு, நினைவு அட்டைகளைத் திரும்பத் திரும்பக் காட்டிப் பழக்கும் அங்கி மென்பொருள் நன்றாக உதவும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோன் செயலிக்கு மட்டும் கட்டணம். ஐபோன் வைத்திருப்பவர்கள் உலாவி வழியாகப் பயன்படுத்தலாம். சொல்லும் பொருளும் மட்டும் போடாதீர்கள். செல் என்றால் சென்றான், சொல் என்றால் சொன்னான், நில் என்றால் நின்றான், கல் என்றால் கற்றான். எல்லாம் லகர ஈறுதான், இறந்தகாலம் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றுபோல வராது. இவற்றை விதியாகச் சொல்லி முடியாது, பழக்கத்தில்தான் வரும், அதற்கு அட்டைகள் சரியான இடம்.

பட்டியலை எக்செல்லில் தயாரித்துச் சாதாரண சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்ட சிஎஸ்வி வகையைத் தேர்ந்தெடுங்கள். கூகுள் ஷீட்ஸில் பதிவிறக்கினால் இந்தச் சிக்கல் இல்லை.

பொருள் பார்க்கச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கிறது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. ஓடினான் என்று தேடினால் ஒன்றும் வராது, ஓடு என்ற வேரைத் தேடுங்கள்.

கையில் இருக்கும் பழைய நூலின் பக்கத்தை உரையாக்க வேண்டுமானால், படமெடுத்துக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திற என்று சொன்னால் போதும். படம் நேராக, நிழலில்லாமல், 2 எம்பிக்குள் இருக்கட்டும். இரண்டு பத்தி அச்சு என்றால் ஒவ்வொரு பத்தியையும் தனிப் படமாக வெட்டுங்கள், இல்லாவிட்டால் வரிகள் குறுக்கே கலக்கும். ர-வும் துணைக்காலும் மாறி விழுவது வாடிக்கை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ணா, றா, னா, லை, னை போன்ற எழுத்துகள் பழைய வடிவில் இருக்கும். அந்தச் சொற்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் திருத்த வேண்டும். இதையே எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேலையாகக் கொடுக்கலாம். மூலப் பக்கத்தின் நகல் ஒன்று, கருவி தந்த உரை ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று. ஒருவருக்கு அரைப் பக்கம் என்று பிரித்துவிட்டால் ஒரு பாடவேளைக்குள் முடிந்துவிடும். பழைய ணை, லை வடிவங்களைப் படிக்கவும் கற்றுக்கொண்டிருப்பார்கள்.